சவத்திலிருந்து கடைக்கு: ‘டயாப்லோ இம்மார்ட்டல்’ குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1996-இன் கடைசி நாட்களில் வெளிவந்த முதல் ‘டயாப்லோ’ கணினி விளையாட்டில், டிரிஸ்ட்ரம் என்ற சிற்றூரின் தேவாலயத்துக்கு அடியில் மூன்றாம் தளம்வரை இறங்கிப் போனால், லியோரிக் மன்னனின் கல்லறைக்குச் செல்லும் வழி தென்படும். எல்லா ஆட்டத்திலும் அந்த வழி திறப்பதில்லை. தனியாக விளையாடும்போது, சில முறை அந்தக் கிளைக்கதை வராமலே போய்விடும். வந்தால், எலும்புக்கூடாக எழுந்து நிற்கும் அந்த மன்னனை வீழ்த்த வேண்டும். வீழ்த்தியதும் அவனது மகுடம் தரையில் விழும். அதை அணிந்துகொண்டால் எதிரியை அடிக்கும்போது அவன் உயிரிலிருந்து கொஞ்சம் நம் கணக்கில் சேரும். 2012-இல் வந்த மூன்றாம் பாகத்திலும் அதே மன்னனை மறுபடி கொல்கிறோம், அங்கும் அவன் மகுடம் நம் கைக்கு வருகிறது.

2022-இல் கைப்பேசிக்கென்று வந்த ‘டயாப்லோ இம்மார்ட்டல்’ விளையாட்டிலும் லியோரிக் உண்டு. பித்துப்பிடித்த மன்னனின் பெயரைத் தாங்கிய அந்த நிலவறையின் கடைசியில் நின்று, நன்றாகவே சண்டையிடுகிறான். அவன் விழுந்ததும் பொருள்களும் விழுகின்றன. ஆனால் முதன்முறை அந்த நிலவறையை முடித்து வெளியே வருபவரின் திரையில் அடுத்துத் தோன்றுவது, அதே நிலவறையின் பெயரைத் தாங்கிய ஒரு விற்பனைப் பொதி. உண்மைப் பணத்தில் சில்லறை விலைதான். கொடுக்கும் காசுக்கு 800% மதிப்பு என்ற வாசகத்தோடு அது மின்னிக்கொண்டிருக்கும்.

இந்த ஆய்வு அந்த இரண்டு கணங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பற்றியது. கணினிக்கென்று பிறந்த ஒரு தொடரைக் கையடக்கத் திரைக்குக் கொண்டுவருவதில் இருந்த கைவேலை மிகக் கடினமானது, அதை பிளிசார்ட், நெட்ஈஸ் ஆகிய இரு நிறுவனங்களின் குழுக்களும் மிகச் சிறப்பாகச் செய்தன என்பதே என் முடிவு. ஆட்டம் கெட்டது வேறோர் இடத்தில். இறந்த பேயின் உடலருகே இருந்த பரிசு, கடைக்கு இடம்பெயர்ந்தது.

ஒரு கிளிக்கின் வரலாறு

இந்தத் தொடர் எதனால் ஆனது என்று தெரியாமல் அதன் கைப்பேசி வடிவத்தை எடைபோட முடியாது. முதல் விளையாட்டை உருவாக்கியது கலிஃபோர்னியாவிலிருந்த காண்டோர் என்ற சிறு நிறுவனம். பணிகள் நடந்துகொண்டிருக்கும்போதே பிளிசார்ட் அதை வாங்கி, ‘பிளிசார்ட் நார்த்’ என்று பெயர் மாற்றியது. தலைமை நிரலாளர் டேவிட் பிரெவிக் முதலில் வடிவமைத்தது, சதுரங்கம்போல ஒருவர் நகர்ந்தபின் மற்றவர் நகரும் முறைவழி ஆட்டத்தை. நிகழ்நேர ஆட்டமாக மாற்றலாம் என்று பிளிசார்ட் தரப்பு வற்புறுத்தியபோது அவருக்கு அதில் விருப்பம் இருக்கவில்லை. வேண்டாவெறுப்பாக ஒரு பிற்பகலில் சில மணிநேரம் உட்கார்ந்து அந்த மாற்றத்தை எழுதிப் பார்த்திருக்கிறார். திரையில் நின்ற எலும்புக்கூட்டின்மீது சுட்டியை வைத்து அழுத்தியதும், வீரன் நடந்துபோய் அதை அடித்து நொறுக்கினான். அந்தக் கணத்தில்தான் தன் விளையாட்டு என்ன என்பது தனக்கே புரிந்ததாக அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அன்று அவர் கண்டது ஒரு சிறிய சங்கிலி. அழுத்துகிறோம், அடி விழுகிறது, எதிரி சாய்கிறான், ஏதோ ஒன்று தரையில் விழுகிறது, அது என்னவென்று பார்க்க மறுபடி அழுத்துகிறோம். 2000-இல் வந்த இரண்டாம் பாகமும் அடுத்த ஆண்டு வந்த அதன் விரிவாக்கமும் அந்தச் சங்கிலிக்கு ஆற்றல் மரம், அரிய பொருள்கள், ஆயுதங்களில் பதிக்கும் ரூன் கற்கள் என்று கண்ணிகளைக் கூட்டினவே தவிர, அதன் வரிசையை மாற்றவில்லை. விளையாடுபவர்கள் ஒரே பேயை ஆயிரம் முறை கொன்றதற்குக் கதையா காரணம்? அடுத்த முறை விழப்போவது எது என்று தெரியாததுதான் காரணம். தமிழில் விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவோரும் ‘லூட்’ என்றே சொல்லிப் பழகிவிட்ட, சாய்ந்த எதிரியிடமிருந்து விழும் அந்தப் பொருளை நீக்கினால், இத்தொடரில் எஞ்சுவது இருட்டான ஓவியங்கள் மட்டுமே.

அனஹைம், 2018 நவம்பர் 2

பிளிசார்ட் தன் ரசிகர்களுக்காக நடத்தும் பிளிஸ்கான் விழாவில், தொடக்க நிகழ்ச்சியின் இறுதி அறிவிப்பாக ‘டயாப்லோ இம்மார்ட்டல்’ வெளியிடப்பட்டது. அரங்கில் இருந்தவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கி, விமானம் ஏறி வந்த தீவிரக் கணினி விளையாட்டாளர்கள். நான்காம் பாகத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் அவர்களில் ஏராளம். கேள்வி நேரத்தில், இது கணினியிலும் வருமா என்று ஒருவர் கேட்டார். அப்படித் திட்டமில்லை என்று வடிவமைப்பாளர் வாயட் செங் பதிலளித்ததும் கூச்சல் எழுந்தது. அதற்கு அவர், “உங்களிடமெல்லாம் கைப்பேசி இல்லையா?” என்று கேட்டார். பருவம் தப்பி வந்த ஏப்ரல் முட்டாள்தின வேடிக்கையா இது என்று வேறொருவர் ஒலிவாங்கியின் முன் நின்று கேட்டதும் அதே அரங்கில்தான். யூடியூபில் முன்னோட்டக் காணொளிக்கு ‘பிடிக்கவில்லை’ என்ற வாக்குகள் லட்சக்கணக்கில் குவிந்தன. அடுத்த வணிக நாளில் தாய் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்டின் பங்கு விலை ஏறத்தாழ 7% சரிந்தது.

செங்கின் அந்த வாக்கியம் அதன்பின் கேலிச்சித்திரமாகவே வாழ்கிறது. எனக்கு அதில் அவர்மீது கொஞ்சம் இரக்கமே உண்டு. அறையிலிருந்த எல்லோரிடமும் கைப்பேசி இருந்தது உண்மைதான். அவர்களுடைய அச்சத்துக்கும் கைப்பேசி என்ற கருவிக்கும் பெரிய தொடர்பில்லை என்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை. கைப்பேசி விளையாட்டு என்றால் எந்த வகைக் கணக்கு வழக்கு கூடவே வரும் என்பதை அவர்கள் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் பார்த்துப் பழகியிருந்தார்கள். அந்த அச்சத்துக்கு அன்று மேடையில் எவரும் பதில் சொல்லவில்லை. எப்படிப் பணம் வசூலிக்கப்படும் என்பது பேசப்படவே இல்லை.

நிறுவனத்தின் தரப்பில் காரணங்கள் தெளிவானவை. நெட்ஈஸ் 2009 முதல் சீனாவில் பிளிசார்டின் விளையாட்டுகளை நடத்திவந்த நிறுவனம். கைப்பேசிக்கான பெரிய இணையவழி விளையாட்டுகளை உருவாக்குவதில் தேர்ந்தது. பிளிசார்டிடம் கதையும் உலகமும் இருந்தன. இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் நடுவே கதையில் 20 ஆண்டு இடைவெளி கிடந்தது. உலகக்கல் என்ற மந்திரக்கல் உடைந்து, அதன் சில்லுகள் நாடெங்கும் சிதறிய பின்னான அந்தக் காலத்தில் புதுக்கதையை உட்கார வைத்தார்கள். முதியவர் டெக்கார்ட் கெய்ன் மறுபடி வந்தார். வெஸ்ட்மார்ச் நகரம் எல்லோரும் கூடும் இடமானது.

கட்டைவிரலுக்கு ஏற்றது

சுட்டி என்பது ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்யும் கருவி. எங்கே போக வேண்டும், யாரை அடிக்க வேண்டும், எதை எடுக்க வேண்டும் ஆகிய மூன்றும் ஒரே அம்புக்குறியின் வேலை. தொடுதிரையில் அதை அப்படியே பெயர்த்தால் என்ன ஆகும் என்று எளிதில் ஊகிக்கலாம். விரல் நுனியின் அகலத்துக்குள் நான்கு பேய்கள் அடங்கிவிடும். தொடும்போதெல்லாம், தொட விரும்பிய இடத்தை விரலே மறைத்துவிடும்.

இதற்கான விடையின் பாதி கைப்பேசிக்கு முன்னரே கிடைத்திருந்தது. 2013 செப்டம்பரில் மூன்றாம் பாகம் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்கு வந்தபோது, கிளிக் செய்து நடக்கும் முறை கைவிடப்பட்டு, இடதுகைக் குச்சியால் நேரடியாக நடத்தும் முறை வந்தது. வலதுகைக் குச்சியைத் தள்ளினால் வீரன் உருண்டு தப்புவான். கணினிப் பதிப்போடு பல ஆண்டு பழகியவர்களில் பலர், இதில்தான் சண்டை கூடுதல் சுவையாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆக, ‘டயாப்லோ’ என்றால் சுட்டிதான் என்ற நம்பிக்கை 2018-இல் மேடையேறுவதற்கு ஐந்து ஆண்டு முன்பே உடைந்திருந்தது.

‘இம்மார்ட்டல்’ அந்தப் பாதையைத் தொடர்ந்தது. திரையின் இடப்பக்கக் கீழ்மூலையில் கட்டைவிரல் எங்கே ஊன்றுகிறதோ அங்கே நடப்பதற்கான வட்டம். வலப்பக்கக் கீழ்மூலையில் அடிப்படைத் தாக்குதலுக்கு ஒரு பெரிய பொத்தான். அதைச் சுற்றி வில்போல வளைந்து நான்கு ஆற்றல்கள். அந்த வளைவை அலங்காரமாக எண்ணிவிடக் கூடாது. கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து, வலக்கட்டைவிரலின் அடிமூட்டை அசைக்காமல் நுனியை மட்டும் விசிறிபோல ஓட்டிப் பாருங்கள். நுனி வரையும் கோடு எதுவோ, பொத்தான்கள் ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே அமர்ந்திருக்கின்றன. ஆற்றல் பொத்தானைத் தட்டினால் அருகிலுள்ள எதிரியை அதுவே குறிவைக்கும். அழுத்திப் பிடித்து இழுத்தால் தரையில் ஒரு குறி தோன்றும், விட்ட திசையில் தாக்குதல் பாயும். விரைந்து விளையாட விரும்புபவர் தட்டுகிறார், குறிபார்ப்பவர் இழுக்கிறார். இருவருக்கும் ஒரே பொத்தான். தொடுதிரைக்கென்று இவ்வளவு சிந்தித்துச் செய்த தாக்குதல் முறையை வேறு அதிரடி ஆட்டங்களில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

பொத்தான்களின் எண்ணிக்கை குறைந்தபோது, ஆட்டத்தின் உள்ளமைப்பும் மாற வேண்டியிருந்தது. இரண்டாம் பாகத்தில், ஆற்றல்களைப் பயன்படுத்தும்போது செலவாகும் மானா என்ற மந்திரசக்தி தீர்ந்தால் நீலக் குப்பியைத் தேட வேண்டும். இங்கே மானா அறவே இல்லை. ஒவ்வோர் ஆற்றலுக்கும் ஆறும் நேரம் ஒன்று உண்டு, அது முடிந்ததும் மறுபடி பயன்படும். கவனிக்க வேண்டிய அளவுகோல்களில் ஒன்று கழிந்தது. ஆறு அங்குலத் திரையில் அது பெரிய விடுதலை. இரண்டாம் பாகத்தில் பத்துக் கட்டம் அகலமும் நான்கு கட்டம் உயரமும் உள்ள பைக்குள் கோடரியையும் கவசத்தையும் திருப்பித் திருப்பி அடுக்குவதே தனி விளையாட்டாக இருந்தது. இங்கே எந்தப் பொருளானாலும் ஒரே கட்டம். தங்கத்தை அருகில் நடந்து போனாலே எடுத்துக்கொள்ளலாம். பைக்குள் அடுக்கும் அந்த வேலையை இழந்ததில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு, ஆனால் பேருந்தில் நின்றுகொண்டு அதைச் செய்ய நினைத்தால் கைப்பேசிதான் கீழே விழும்.

வடிவமைப்பின் மிகச் சிறந்த பகுதி என்று நான் கருதுவது, அரிய பொருள்கள் ஆற்றல்களை மாற்றும் விதம். இரண்டாம் பாகத்தில் ஆற்றல் மரம் இருந்தது, மூன்றாம் பாகத்தில் ஆற்றலோடு பொருத்தும் ரூன்கள் இருந்தன. கைப்பேசியில் இவ்விரண்டுமே இல்லை. கிடைக்கும் ‘லெஜண்டரி’ எனப்படும் மிக அரிய கவசமோ ஆயுதமோதான் ஆற்றலின் இயல்பை மாற்றுகிறது: நேர்கோட்டில் பாயும் தாக்குதல் ஓரிடத்தில் நின்று சுழலும், ஒற்றை அடி பலவாகச் சிதறும். பட்டியல் பட்டியலாகப் படிக்க வேண்டிய தேர்வுகள் ஒரு தலைக்கவசத்துக்குள் அடங்கிவிட்டன. பிடித்த தன்மையைப் பழைய பொருளிலிருந்து பிரித்தெடுத்துப் புதிய பொருளில் ஏற்றலாம், மேம்படுத்திய தரநிலையும் புதிய பொருளுக்கு மாறும். ஆக இந்த இடத்தில், தரையில் விழும் பொருளுக்கு முன்னைவிடக் கூடுதல் மதிப்பு கிடைத்திருந்தது. இதைச் செய்த கைகளே அடுத்துச் சொல்லப்போவதையும் செய்தன என்பதுதான் இந்நிகழ்வின் விசித்திரம்.

சோதனைகளுக்கும் குறையில்லை. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் முதல் தொழில்நுட்பச் சோதனை, 2021 ஏப்ரலில் அடுத்தது, அக்டோபரில் மூடிய பீட்டா என்று மூன்று சுற்று நடந்தது. ஆயினும் 2022 ஜூன் 2 அன்று வெளியானபோது, சாம்சங்கின் எக்ஸினாஸ் சில்லு கொண்ட சில கைப்பேசிகளில் காட்சிகள் சிதைந்து வந்தன. அவற்றுக்கான பதிவிறக்கத்தைச் சிலகாலம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஆண்ட்ராய்டு உலகத்துக்கு எழுதுபவர்களுக்கு இது பழகிய தலைவலி. 2018-இல் இல்லை என்று சொன்ன கணினிப் பதிப்பும் அதே நாளில் திறந்த பீட்டாவாக வந்தது. எப்படியும் எமுலேட்டர் (கணினியைக் கைப்பேசிபோல இயங்கவைக்கும் மென்பொருள்) வைத்துக் கணினியில் விளையாடத்தான் போகிறார்கள், அதைவிட நாமே முறையாகக் கொடுத்துவிடலாம் என்று உருவாக்குநர்கள் அதற்குக் காரணம் சொன்னார்கள். கைப்பேசியில் விட்ட இடத்திலிருந்து கணினியில் தொடரலாம், கணினியில் இருப்பவரும் கைப்பேசியில் இருப்பவரும் ஒரே நிலவறைக்குள் சேர்ந்து இறங்கலாம்.

எல்டர் ரிஃப்டின் கணக்கு

வெஸ்ட்மார்ச் நகரில் ஒரு கல்தூண் நிற்கிறது. அதனிடம் போனால் எல்டர் ரிஃப்ட் என்ற பிளவுக்குள் நுழையலாம். சில நிமிட வேட்டை, அளவுகோல் நிறைந்ததும் ஒரு பெரும்பேய், அவ்வளவுதான். வெறுங்கையோடு நுழைந்தால் கிடைப்பது சொற்பம். நுழைவதற்கு முன் ‘கிரெஸ்ட்’ எனப்படும் முத்திரைகளை வைக்க வேண்டும். அரிய வகை முத்திரையில் மூன்றுவரையும், லெஜண்டரி முத்திரையில் பத்துவரையும் வைக்கலாம். லெஜண்டரி முத்திரை ஒவ்வொன்றுக்கும் ஒரு லெஜண்டரி ரத்தினம் உறுதி. வீரனின் முதன்மைக் கவச, ஆயுதங்களில் இத்தகைய ரத்தினங்கள் ஆறு பதிக்கப்படும். கடைசிக் கட்ட ஆட்டத்தில் ஒருவரின் பலத்தைத் தீர்மானிப்பதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

லெஜண்டரி முத்திரையை விளையாடியே பெறலாம், ஆனால் மாதத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவில்தான். வெளியானபோது கடையில் அதன் விலை 160 ‘எட்டர்னல் ஆர்ப்’. விளையாட்டுக்குள் புழங்கும் நாணயமான அந்த ஆர்பை உண்மைப் பணத்தால் வாங்க வேண்டும். 100 டாலர் பொதியில் 7,200 ஆர்ப் என்ற கணக்கில், ஒரு முத்திரை ஏறத்தாழ இரண்டேகால் டாலர். சிறு பொதிகளில் வாங்கினால் இன்னும் கூடும்.

இனி நிறுவனமே வெளியிட்ட நிகழ்தகவுகளை வைத்துக்கொண்டு ஒரு காகிதத்தில் கணக்குப் போடலாம். ஒரு லெஜண்டரி முத்திரையில், உயர்ந்த தரமான ஐந்து நட்சத்திர ரத்தினம் கிடைக்கும் வாய்ப்பு 4.5%. 50 முத்திரைக்குள் ஒன்றாவது வந்தே தீரும் என்ற உறுதி உண்டு. ஆனால் ஐந்து நட்சத்திர ரத்தினத்துக்குள்ளும் தரவரிசை இருக்கிறது. ஐந்து நட்சத்திரங்களில் இரண்டு மட்டும் ஒளிரும் கல் 75%, மூன்று ஒளிர்வது 20%, நான்கு 4%, ஐந்தும் ஒளிர்வது 1%. உறுதியளிக்கப்பட்ட 50 முத்திரையையும் கணக்கில் எடுத்தால், சராசரியாக 20 முத்திரைக்கு ஓர் ஐந்து நட்சத்திரக் கல். அவற்றில் நூற்றில் ஒன்றுதான் முழுதும் ஒளிர்வது. அதாவது ஏறத்தாழ 2,000 முத்திரை, கிட்டத்தட்ட 4,500 டாலர், ஒரே ஒரு கல்லுக்கு. அந்தக் கல் நாம் வேண்டிய வகையாகவும் இருக்க வேண்டும். அதை மேம்படுத்தப் பிற கற்களையும் அதன் பிரதிகளையும் கரைக்க வேண்டும். ஒரு வீரனை முழுமைப்படுத்த 1 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்று விளையாட்டாளர்கள் போட்ட கணக்கு வெளியான சில நாட்களிலேயே உலகெங்கும் செய்தியானது இதனால்தான். நியூசிலாந்தைச் சேர்ந்த ஒரு நேரலையாளர், முழுதும் ஒளிரும் கல் ஒன்றைப் பெறும்வரை ஏறத்தாழ 25,000 நியூசிலாந்து டாலரைப் பார்வையாளர்கள் முன்னிலையில் செலவழித்தார். கல் கிடைத்ததும் அதைக் கரைத்துவிட்டு, விளையாட்டையே நீக்கினார்.

கவசங்களையோ ஆயுதங்களையோ பணத்தால் வாங்க முடியாது என்று வெளியீட்டுக்கு முன் உருவாக்குநர் தரப்பு சொல்லியிருந்தது. சொல்லளவில் அது உண்மைதான். கவசம் விற்கப்படவில்லை, கவசத்தில் பதிக்கும் கல்லுக்கான வாய்ப்புத்தான் விற்கப்பட்டது. அந்த வேறுபாட்டை விளையாட்டாளர்கள் ஏற்கவில்லை. வீடு விற்பனைக்கு இல்லை, சாவி மட்டும் விலைக்கு என்பது போன்ற பதில் அது.

இதில் நான் மிகக் கவனிக்கத்தக்கதாகக் கருதுவது தொகையைவிட வரிசையை. பிரெவிக் கண்ட சங்கிலியில் பரிசு எப்போதும் சண்டைக்குப் பின்னால் வந்தது. எது விழும் என்பது பேயைக் கொன்ற பிறகே தெரியும். எல்டர் ரிஃப்டிலும் பேய் சாகிறது, கல் தரையில்தான் விழுகிறது, பழைய ஒலியும் ஒளியும் அப்படியே இருக்கின்றன. ஆனால் என்ன கிடைக்கலாம் என்பதன் வரம்பு, நுழைவதற்கு முன்பே, கல்தூணின் முன் எத்தனை முத்திரை வைத்தோம் என்பதிலேயே முடிந்துவிடுகிறது. நடுவே நடக்கும் வேட்டை வாங்கிய சீட்டைச் சுரண்டிப் பார்க்கும் வேலை. அந்த வேட்டை எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதோ, அவ்வளவுக்கு அது உறுத்துகிறது.

நாள்தோறும் வருகிற வேலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எட்டு வேட்டைப் பணிகள், வாராந்தர இலக்குகள், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் தோன்றும் பெரும்பேய்கள், மாதச் சந்தா ஆகியவை கைப்பேசி விளையாட்டுகளின் பொதுச்சரக்கு. ஒரு சேவையகத்தில் எல்லோரும் ஏறக்குறைய எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதற்கு நாளுக்கு நாள் ஏறும் ஓர் அளவுகோலும் உண்டு. அதைத் தாண்டி ஓடுபவருக்கு அனுபவப் புள்ளி குறையும். இரவெல்லாம் விழித்து முன்னேறிய பழைய ரசிகருக்கு, உழைப்புக்கு வரம்பு உண்டு, செலவுக்கு இல்லை என்று இது தோன்றியதில் வியப்பில்லை.

பத்தாண்டு முன் கற்ற பாடம்

இதையெல்லாம் கைப்பேசிச் சந்தையின் குணம் என்று ஒதுக்கிவிட முடியாதபடிக்கு, இத்தொடரின் வரலாற்றிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2012-இல் வந்த மூன்றாம் பாகத்தில் உண்மைப் பணத்தில் பொருள்களை விற்கவும் வாங்கவும் ஓர் ஏல மன்றம் இருந்தது. வெளியே திருட்டுச் சந்தையில் நடப்பதை உள்ளே பாதுகாப்பாக நடத்தலாம் என்பது அதன் நோக்கம். நல்ல வாளைத் தேடிப் பேயைக் கொல்வதைவிடத் தங்கத்தையோ பணத்தையோ கொடுத்து ஏலத்தில் எடுப்பது எளிது என்றானதும், பேயைக் கொல்வதற்கான காரணமே மங்கிப்போனது. பேய்களைக் கொன்று பொருள் சேர்ப்பதென்ற ஆட்டத்தின் அடிப்படையையே ஏல மன்றம் குலைக்கிறது என்று பிளிசார்டே 2013-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, 2014 மார்ச் 18 அன்று அதை மூடியது. ஏல மன்றமே இல்லாமல், விழும் பொருள்களைத் திருத்தி வெளியான பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பதிப்பும் இந்தத் தெளிவுக்குத் துணைநின்றது. அந்தப் பதிப்பை வழிநடத்திய ஜாஷ் மொஸ்கேரா பின்னர் மூன்றாம் பாகம் முழுமைக்கும் இயக்குநரானார்.

ஆக, நிறுவனத்தின் கையில் இரண்டு பாடங்களும் இருந்தன. கட்டைவிரலைப் பற்றிய பாடத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தார்கள். மற்றதைக் கொண்டுவரவில்லை. இதை அறியாமை என்று சொல்வதற்கில்லை. விலை கொடுத்து வாங்கும் விளையாட்டில் ஏல மன்றம் ஒரு துணை வருமானம். இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டில் முத்திரை விற்பனைதான் முதன்மை வருமானம். மாற்று வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2006-இல் கணினிக்கு வந்த, இதே வகையைச் சேர்ந்த ‘டைட்டன் குவெஸ்ட்’ 2016-இல் கைப்பேசிக்கு மாற்றப்பட்டபோது, ஒரே விலை கொடுத்து வாங்கி முழுதும் விளையாடும் முறையிலேயே வந்தது. அதில் விரலுக்கேற்ற வசதி ‘இம்மார்ட்டல்’ அளவுக்கு இல்லை. ஆனால் பேயிடமிருந்து விழுவது பேயிடமிருந்தே விழுந்தது. அந்த வழியில் வரும் பணம் இந்த வழியில் வருவதன் அருகில்கூட நிற்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வந்த விளைவுகள்

வெளியீட்டுக்கு முன் 3 கோடிக்கும் மேற்பட்டோர் முன்பதிவு செய்திருந்தார்கள். சந்தை ஆய்வு நிறுவனமான ஆப்மேஜிக்கின் மதிப்பீட்டில் முதல் இரு வாரங்களின் வருமானம் ஏறத்தாழ 2.4 கோடி டாலர். எட்டு வாரங்களில் அது 10 கோடியைத் தொட்டது. அதே நாட்களில், மதிப்புரைகளைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் கணினிப் பதிப்புக்கு விளையாட்டாளர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் பத்துக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. விமர்சகர்கள் பலர் கைப்பேசிப் பதிப்பின் சண்டையைப் பாராட்டி எழுதினார்கள். மூன்று தரப்பும் ஒரே விளையாட்டைப் பற்றித்தான் பேசின. முதல் 30 மணிநேரம் ஆடியவரும், கல்தூணின் முன் நின்றவரும், காலாண்டு அறிக்கை எழுதியவரும் அதன் வெவ்வேறு மூலைகளைப் பார்த்தார்கள்.

பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் விளையாட்டு வெளியாகவே இல்லை. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத அதிர்ஷ்டப் பெட்டியைப் பணம் கொடுத்துத் திறப்பது சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இலேயே கூறியிருந்தது. சீனாவில் ஜூன் மாதம் வர வேண்டியது தள்ளிப்போய், ஜூலை 25 அன்று வந்தது. 2023 ஜனவரியில் பிளிசார்டுக்கும் நெட்ஈஸுக்கும் இடையிலான பொது உரிம ஒப்பந்தம் முறிந்து பிற விளையாட்டுகள் சீனாவில் நின்றபோதும், தனி ஒப்பந்தத்தில் இருந்த ‘இம்மார்ட்டல்’ மட்டும் நிற்காமல் ஓடியது.

நான்காம் பாகத்தைப் பற்றிய அச்சம் அடுத்து எழுந்தது. முழு விலைக்கு விற்கப்படும் அந்த விளையாட்டின் கடையில் ஆடை அலங்காரம் மட்டுமே இருக்கும், பலத்தைக் கூட்டும் எதுவும் விற்கப்படாது என்று பிளிசார்ட் 2022-இலேயே அறிவிக்க வேண்டி வந்தது. 2023 ஜூனில் அது அப்படியே வெளிவந்தது.

அடுத்த மாதம், 2023 ஜூலையில், ‘இம்மார்ட்டல்’ விளையாட்டுக்குக் குருதி வீரன் என்ற புதிய வீரர் வகை சேர்க்கப்பட்டது. இத்தொடரில் அதற்குமுன் எங்கும் இல்லாத வகை அது; ஈட்டியும் நிழலும் கலந்த அதன் சண்டை, ஆறு வீரர் வகைகளை முன்பு செதுக்கிய அதே கைத்திறனைக் காட்டியது. கைப்பேசியில்தான் அது முதலில் பிறந்தது, காசும் கேட்கவில்லை. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர் புதிதாகத் தொடங்கவும் வேண்டியதில்லை; இருக்கும் வீரனையே புதிய வகைக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. மாற்றியதும் ஆயுதம் மாறும், கவசம் மாறும், ஆற்றல்கள் அனைத்தும் மாறும். ரத்தினங்கள் மட்டும் அப்படியே கூட வரும்.